உபகாரமும் சம்பளமும்: கப்பற்கலை மேற்படிப்பு

மேற்படிப்புப் படிக்கும் மாணாக்கருக்கு அரசாங்கமோ, ஒரு சங்கமோ, செல்வர் ஒருவர் வைத்துச்சென்ற நிதியோ அளிக்கும் பணத்தை நாங்கள் பள்ளியிற் பயின்ற நாளில் உபகாரச் சம்பளம் என்று எழுதிவந்தோம். இன்று உதவித்தொகை என்னும் சொல் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. புதிய சொல் எளியது; அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆயினும் பழைய சொல்லில் ஒரு நுட்பம் இருந்தது. உபகாரம் என்றால் கொடுப்பவர் மேலிருந்து கொடுக்கிறார், கொள்பவர் கீழிருந்து கொள்கிறார். சம்பளம் என்றால் அவ்வாறில்லை. செய்த வேலைக்கு, அல்லது செய்யப்போகும் வேலைக்கு, உரிய ஈடு அது. இரண்டு பொருளையும் ஒரே சொல்லில் முடிந்து வைத்தார்கள் நம் முன்னோர். இவற்றுள் எது மெய் என்ற கேள்வி என் மனத்தில் பல ஆண்டுகளாக இருந்துவந்தது. கப்பற் கட்டுமானக் கலையிலும் கப்பல் எந்திரவியலிலும் உயர்படிப்புப் படிப்போருக்குக் கிடைக்கும் தொகைகளைப் பற்றி இன்று பேசும்போது அதற்கு ஒருவாறு விடை கூறலாம் என்று எண்ணுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். கப்பற் படிப்பு என்றதும் பெற்றோர் பலருக்கு, வெள்ளைச் சீருடை அணிந்து கடலிற் செல்லும் எஞ்சினீயர் உத்தியோகமே நினைவுக்கு வருகிறது. அது தனி வழி. அதற்கு வேறு கல்லூரி, வேறு பயிற்சி, வேறு சான்றிதழ். நாம் பேசுவது கப்பலை ஓட்டுவோரைப் பற்றியன்று. கப்பலை எண்ணி வகுப்போரைப் பற்றியது. உடற்பகுதி எவ்வடிவில் இருந்தால் நீரைக் குறைந்த எதிர்ப்போடு கிழித்துச் செல்லும், எவ்வளவு சாய்ந்தால் மீண்டும் நிமிரும், அலை நடுவில் தூக்கி இரு முனையும் தொங்கும்போது எஃகுத் தகடு எவ்வளவு தாங்கும் என்று ஆராய்வது கப்பற் கட்டுமானக் கலை. எஞ்சினும், சுழல்தண்டும், திருகு விசிறியும், எரிபொருளும் அவ்வுடலோடு பொருந்துமாறு அமைப்பது எந்திரவியல். இவற்றில் முதற்பட்டம் பெற்ற பின்னும் இரண்டு ஆண்டு, ஆராய்ச்சியாயின் நான்கைந்து ஆண்டு, மேலும் படிக்க வேண்டியிருக்கிறது.

ஏன் இத்தனை நீண்ட படிப்பு? ஒரு மோட்டார் வண்டியை விற்பனைக்கு அனுப்புமுன் பத்து வண்டிகளை மோதி உடைத்துப் பார்க்கிறார்கள். ஆகாய விமானத்தையும் பறக்கவிட்டுச் சோதித்த பிறகே பிரயாணிகளை ஏற்றுகிறார்கள். பெருங்கப்பலுக்கு அந்த வசதி இல்லை. பல கப்பல்கள் ஒன்றே ஒன்றாகக் கட்டப்படுகின்றன. கடுங்காற்றில் அது கவிழுமா கவிழாதா என்பதைக் கவிழ்த்துப் பார்த்து அறிய முடியாது. கணக்கிட்டே அறிய வேண்டும். கணக்குத் தவறினால் அந்தத் தவற்றைக் கடல்தான் திருத்தும்.

அப்படித் திருத்தப்பட்ட கப்பல் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் கடற்படையின் 'கேப்டன்' என்னும் போர்க்கப்பல் அது. சுழலும் பீரங்கிக் கோபுரத்தைக் கப்பலில் அமைக்கும் முறையைப் பரப்பிய கௌப்பர் கோல்ஸ் என்ற கடற்படை அதிகாரி அதை வகுத்தார். பீரங்கி தடையின்றி நாற்புறமும் சுழல வேண்டும் என்பதற்காக மேல்தளத்தை நீருக்கு மிக அருகில் வைத்தார். நீர்மட்டத்துக்கு மேல் 8 அடி இருக்கவேண்டிய தளம், கட்டி முடித்தபோது எடை மிகுந்து, ஏறத்தாழ ஆறரை அடியே நின்றது. அதன்மேல் பாய்மரங்களோ மிக உயரமானவை. கடற்படையின் தலைமைக் கட்டுமான அதிகாரி எட்வர்டு ரீட் இதை ஆட்சேபித்தார். அவர் கப்பற் கணிதத்தை முறையாகப் பள்ளியிற் பயின்றவர். கோல்ஸுக்கோ பத்திரிகைகளின் ஆதரவும் பாராளுமன்றத்தின் ஆதரவும் இருந்தன. ரீட் 1870-இல் பதவியை விட்டு விலகினார். அதே ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் நள்ளிரவு கழிந்த சற்று நேரத்தில், ஸ்பெயின் நாட்டின் பினிஸ்டெர் முனைக்கு அப்பால், புயற்காற்றில் கேப்டன் கவிழ்ந்தது. ஏறத்தாழ 480 பேர் மாண்டனர். கோல்ஸும் அவர்களுள் ஒருவர். உயிர் தப்பியவர்கள் இருபது பேர்கூட இல்லை.

இதில் மாணாக்கர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. ஒரு கப்பல் பக்கவாட்டில் சாயும்போது அதை நிமிர்த்த முயலும் விசையும் உடன் வளர்கிறது. ஒரு பாகை வரை அது வளரும். அதன்பின் குறையத் தொடங்கும். பிறகு முற்றும் அற்றுப்போகும். அந்த உச்சம் எந்தப் பாகையில் என்பதே உயிர்நிலை. கேப்டனுக்கு அது 21 பாகை. அன்றிரவு அதே கூட்டத்தில், அதே காற்றில் சென்ற 'மோனார்க்' என்னும் மற்றொரு கோபுரக் கப்பலுக்கு அது 40 பாகை. மோனார்க்கின் தளம் உயர்ந்திருந்தது, அது மூழ்கவில்லை. கண்ணால் பார்த்த மாலுமிகளுக்கு இரண்டும் கம்பீரமான கப்பல்களாகவே தோன்றின. வேற்றுமை கணக்கில் இருந்தது.

அந்தக் கணக்கைக் கற்பிக்கும் பள்ளியின் கதையும் சொல்லத் தக்கதே. போர்ட்ஸ்மத் நகரில் 1811-இல் ஒரு கப்பற் கட்டுமானப் பள்ளி தொடங்கினார்கள், 1832-இல் மூடினார்கள். 1848-இல் மற்றொன்று தொடங்கினார்கள். 1853-இல் அதையும் மூடினார்கள். இரண்டு முறையும் கடற்படை அமைச்சராயிருந்தவர் சர் ஜேம்ஸ் கிரகாம் என்ற ஒருவரே. எதையாவது மூடிச் செலவைக் குறைக்கும் அமைச்சர்கள் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் உண்டு. ரீட், ஐந்தே ஆண்டு உயிரோடிருந்த அந்த இரண்டாம் பள்ளியில் படித்தவர். மூன்றாவது பள்ளி 1864-இல் லண்டனில் தோன்றியது; அது நிலைத்து, பின்னர் கிரீனிச்சுக்கு மாறியது.

இதே ஆண்டுகளில் வில்லியம் புரூட் என்ற பொறியியலறிஞர், டார்க்கி என்னும் கடற்கரை ஊரில், தம் வீட்டருகே ஒரு நீள் தொட்டியை அமைத்தார். மெழுகினாற் செய்த சிறு கப்பல்களை அதில் இழுத்து, நீரின் எதிர்ப்பை அளந்தார். சிறு கப்பலின் எதிர்ப்பிலிருந்து பெருங்கப்பலின் எதிர்ப்பை அறிவது எப்படி என்பது அதுவரை யாருக்கும் விளங்காதிருந்தது. புரூட் கண்ட விதியைச் சிறுவருக்கும் சொல்லலாம். நீளம் இருபத்தைந்தில் ஒரு பங்கானால், வேகம் ஐந்தில் ஒரு பங்காக இருக்க வேண்டும். அதாவது நீளத்தின் வர்க்கமூலப்படி வேகத்தைக் குறைக்க வேண்டும். மணிக்கு 20 கடல் மைல் செல்லும் கப்பலின் இருபத்தைந்தில் ஒரு பங்கு மாதிரியை 4 கடல் மைல் வேகத்தில் இழுத்தால், அது எழுப்பும் அலைகள் பெருங்கப்பல் எழுப்பும் அலைகளின் சிறு உருவமாகவே அமையும். இன்றும் உலகெங்கும் கப்பல்களை இவ்விதிப்படியே சோதிக்கிறார்கள். விசாகப்பட்டினத்தில் நம் பாதுகாப்புத் துறையின் கடற்படை ஆய்வுக்கூடத்தில் 500 மீட்டர் நீளமுள்ள இழுவைத் தொட்டி ஒன்று இருக்கிறது. அவ்வளவு பெரிய தொட்டியின் கரையில் நின்று அளவுகோலைப் படிக்கத் தகுதி பெறுவதற்கு ஓர் இளைஞன் எத்தனை ஆண்டு வருவாயின்றிப் படிக்க வேண்டும் என்பதே நம் கேள்வி.

இக்கேள்விக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் விடை கண்ட ஊர் ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ. அவ்வூரின் நடுவே ஓடும் கிளைடு ஆற்றின் கரையில், கோவன் என்னும் பகுதியில், கப்பல் தளங்கள் வரிசையாக நின்றன. 1866-இல் அங்கே நேப்பியர் என்பாரின் தளத்தில் பகலெல்லாம் கைவேலை செய்த பயிற்சியாளர்களுள் ஒருவர் யமாவோ யோசோ என்னும் ஜப்பானியர். நாட்டை விட்டு வெளியேறுவது மரணதண்டனைக்குரிய குற்றமாக இருந்த நாளில், 1863-இல், வேறு நால்வருடன் மறைவாகப் புறப்பட்டு வந்தவர் அவர். லண்டனில் கைப்பணம் தீர்ந்தது. கிளாஸ்கோவுக்குப் போகப் பணமில்லை. அப்போது லண்டனிலிருந்த சத்சுமா நாட்டு மாணாக்கர்கள் தலைக்கு ஒரு பவுன் போட்டு அவரை அனுப்பிவைத்தார்கள். யமாவோ பிறந்த சோஷூவும் சத்சுமாவும் அக்காலத்தில் ஒன்றுக்கொன்று பகை நாடுகள் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். நான் அறிந்த உபகாரச் சம்பளங்களுள் மிகச் சிறியதும், மிகச் சிறந்த இடத்திலிருந்து வந்ததும் அதுவே.

யமாவோ இரவில் ஆண்டர்சன் கல்லூரி என்னும் நிறுவனத்தின் மாலை வகுப்புகளுக்குச் சென்றார். பட்டறையில் வேலை செய்வோருக்காக நடந்த வகுப்புகள் அவை. அதே கல்லூரியின் மாலை வகுப்புகளில் ஹென்றி டயர் என்ற உள்ளூர் இளைஞரும் பயின்றார். அவர் தொழிலாளியின் மகன். தாமும் பட்டறையிலேயே பயிற்சி பெற்றவர். மாலை வகுப்போடு அவர் வாழ்வு நின்றிருக்கக்கூடும். நிற்காமற் போனதற்குக் காரணம் நூறு பவுன்.

மான்செஸ்டரில் ஜோசப் விட்வொர்த் என்ற எந்திர உற்பத்தியாளர் இருந்தார். ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டம்போல் மரை வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், திருகாணிக்கு ஒரே அளவு வேண்டும் என்று வகுத்தவர் அவரே. அவர் 1868-இல், ஆண்டுக்கு நூறு பவுன் வீதம் முப்பது மாணாக்கர்களுக்குக் கொடுக்கத் தம் செல்வத்திலிருந்து நிதி ஒதுக்கினார். விதி ஒன்று விதித்தார்: கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் பரீட்சை எழுதுவதோடு, கைத்தொழிலிலும் தேர்ச்சி காட்ட வேண்டும். கையால் வேலை செய்யத் தெரிந்தவனைத் தலையாலும் வேலை செய்ய வைப்பதே அவர் நோக்கம். அந்தத் தொகையைத் தொடக்கத்திலேயே பெற்றவர்களுள் டயர் ஒருவர். நூறு பவுனைக் கொண்டு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ராங்கின் என்ற பேராசிரியரிடம் பயின்றார். ராங்கின் கப்பற் கட்டுமானத்தைப் பற்றி நூல் பதிப்பித்தவர்.

இதற்குள் யமாவோ ஜப்பானுக்குத் திரும்பியிருந்தார். அங்கே ஆட்சி மாறியிருந்தது. நாட்டை விட்டு ஓடியவர் இப்போது அந்நாட்டின் பொதுப்பணி அமைச்சில் பெரிய அதிகாரி. ஒரு பொறியியற் கல்லூரி தொடங்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்து, தலைமையாசிரியர் தேடினார்கள். ராங்கின் பரிந்துரையின் பேரில் டயர் சென்றார். 1873-இல் டோக்கியோவில் இறங்கியபோது அவருக்கு வயது இருபத்துநான்குதான். கல்லூரியின் பாடத்திட்டம் ஆறு ஆண்டு: இரண்டு ஆண்டு பொதுக்கல்வி, இரண்டு ஆண்டு தொழிற்கல்வி, இரண்டு ஆண்டு வேலைத்தளத்தில் நேரடிப் பயிற்சி. பட்டறையையும் வகுப்பறையையும் அவர் பிரிக்கவில்லை. விட்வொர்த் விதித்த விதியே உருமாறி அங்கே பாடத்திட்டமாயிற்று. அக்கல்லூரி பின்னர் டோக்கியோப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1956-இல், கப்பல் கட்டுவதில் பிரிட்டனை முந்தி ஜப்பான் உலகில் முதலிடத்தைப் பெற்றது.

விட்வொர்த்தின் நூறு பவுனே இதற்கெல்லாம் காரணம் என்று நான் சொன்னால் அது கதையாகிவிடும். எத்தனையோ காரணங்கள் உண்டு. ஆனால் ஒன்று மட்டும் துணிந்து சொல்லலாம். நூறு பவுன் டயருக்கு அறிவைக் கொடுக்கவில்லை. அறிவு அவரிடமே இருந்தது. அது அவருக்குக் காலத்தைக் கொடுத்தது. வீட்டுக்குச் சம்பாதித்துப் போடவேண்டிய வயதில், சம்பாதிக்காமல் படிக்கும் காலம் அது. வறுமையுள்ள வீட்டில் புத்திக்குப் பஞ்சமில்லை, பஞ்சமெல்லாம் காலத்துக்குத்தான்.

கோவன் பகுதியிலேயே மற்றொரு வரலாறும் நிகழ்ந்தது. நேப்பியர் தளத்தில் வரைபடத் தலைவராக இருந்து, பின்பு தாமே பெரிய கப்பல் தளம் நடத்தியவர் ஜான் எல்டர். நீராவியை இருமுறை பயன்படுத்தும் கூட்டு எஞ்சினைக் கப்பலில் வெற்றியோடு பொருத்தி, நிலக்கரிச் செலவை வெகுவாகக் குறைத்தவர். 1869-இல், நாற்பத்தைந்து வயதில் காலமானார். பிள்ளைகள் இல்லை. அவர் மனைவி இசபெல்லா எல்டர், 1883-இல், 12,500 பவுன் கொடுத்துக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கப்பற் கட்டுமானத்துக்கென்று ஒரு பேராசிரியர் பதவியை நிறுவினார். உலகத்தில் அத்தகைய பதவி அதுவே முதலாவது. கணவர் பெயரையே அதற்கு வைத்தார். பெண்கள் அப்பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற முடியாத காலம் அது! ஆதலின் அதே காலத்தில், பெண்கள் படிக்கத் தனிக் கல்லூரிக்கு ஒரு மாளிகையையும் வாங்கித் தந்தார். ஜப்பானிலிருந்து திரும்பிய டயர் அந்தப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தார், அவருக்குக் கிடைக்கவில்லை. உலகம் அவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை.

பெண்களைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. லண்டனிலுள்ள கப்பற் கட்டுமான வல்லுநர் சங்கம் 1860-இல் தோன்றியது. 1919-இல்தான் முதன்முறையாக மூன்று பெண்களை அது சேர்த்துக்கொண்டது. அம்மூவருள் ஒருவரான ஐலி கியரி, புரூட்டின் பெயரால் அமைந்த மாதிரித் தொட்டியில் ஆராய்ச்சி செய்தவர். நம் நாட்டில் இத்துறையில் இன்று எந்தப் பெண்ணுக்கும் கதவு மூடியில்லை. ஆனால், 'கப்பலாவது, பெண்ணாவது' என்று வீட்டிலேயே கதவைச் சாத்துவோர் இருக்கிறார்கள். வகுப்பது வரைபட மேசையிலும் கணிப்பொறியிலுமே என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் வில்லியம் வெப் என்ற கப்பல் கட்டுநர் 1889-இல் ஒரு பள்ளி நிறுவினார். கப்பற்கலை ஒன்றையே கற்பிக்கும் அப்பள்ளி, தேர்ந்த மாணாக்கரிடம் போதனைக் கட்டணம் வாங்குவதில்லை என்ற கொள்கையோடு வளர்ந்தது. 1893-இல் அந்நாட்டில் அமைந்த கப்பற் கட்டுமான, எந்திரவியல் வல்லுநர் சங்கமும் முதுநிலை மாணாக்கர்க்கு உபகாரச் சம்பளங்கள் வழங்கிவருகிறது. இவற்றின் விவரம் முழுவதும் இங்கே வேண்டுவதில்லை. இத்தகைய சங்கங்கள் பொதுவாகத் தம் உறுப்பினராகிய மாணாக்கரையே நாடுகின்றன. ஆதலின் விண்ணப்பிக்க நினைக்கும் ஆண்டுக்கு முன்னாண்டே, குறைந்த கட்டணத்தில் மாணவ உறுப்பினராகிவிடுவது நலம்.

இனி நம் நாட்டு நிலைமை. காரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கப்பற் கட்டுமானத் துறை 1952-இல் தொடங்கியது. சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் கடற்பொறியியல் துறை இருக்கிறது. கொச்சிப் பல்கலைக்கழகத்தில் கப்பல் தொழில்நுட்பத் துறை இருக்கிறது. 2008-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம், விசாகப்பட்டினத்தில் இக்கலையைக் கற்பிக்கிறது. முதுநிலைப் படிப்புக்கு வாயில், 'கேட்' எனப்படும் அகில இந்தியத் தேர்வு. இதில் ஒரு நல்ல மாறுதல் நிகழ்ந்தது பலருக்குத் தெரியாது. 2022 வரை கப்பற் கட்டுமானம் படித்தவர்கள் எந்திரவியல் போன்ற வேறு பாடத்தில் பரீட்சை எழுதவேண்டியிருந்தது. அவ்வாண்டு முதல் கப்பற் கட்டுமானமும் எந்திரவியலும் சேர்ந்த தனித்தாள் ஒன்று வந்துவிட்டது. தேர்வு பெரும்பாலும் பிப்ரவரியில். விண்ணப்பமோ அதற்கு முந்திய ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களிலேயே முடிந்துவிடும். பெற்ற மதிப்பெண் மூன்று ஆண்டுக்குச் செல்லும்.

இத்தேர்வில் தகுதி பெற்று முதுநிலை வகுப்பிற் சேர்ந்தவருக்கு மத்திய அரசாங்கம் அளித்த மாதத் தொகை, 2024-ஆம் ஆண்டு நிலவரப்படி 12,400 ரூபாய். ஆராய்ச்சி மாணாக்கருக்கு நிலைமை மேல். 2023 ஜனவரி முதல் அவர்கள் தொகை, முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாயாகவும் பின்னர் 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. முன்னதை நான் போதும் என்று சொல்லமாட்டேன். விடுதியும் உணவும் போக வீட்டுக்கு அனுப்ப அதில் மிஞ்சுவது சொற்பம். அதே பட்டதாரி ஒரு கணிப்பொறி நிறுவனத்தில் சேர்ந்தால் முதல் மாதத்திலேயே இதைவிடப் பெரிய தொகை கைக்கு வரும். ஏழை வீட்டுப் பிள்ளை எதைத் தேர்வான் என்பதை ஊகிக்க ஜோசியம் வேண்டுவதில்லை.

வெளிநாடு செல்வோருக்கும் வழிகள் உண்டு. 1959-இல் ஆக்ஸ்போர்டில் கூடிய மாநாட்டின் பயனாகத் தோன்றிய காமன்வெல்த் உபகாரச் சம்பளம் பலரும் அறிந்ததே. அதிகம் அறியப்படாதது, மத்திய சமூகநீதி அமைச்சு நடத்தும் தேசிய வெளிநாட்டுக் கல்வித் திட்டம். 1954-55-இல் தொடங்கிய பழைய திட்டம் இது. தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கே பெரும்பாலான இடங்கள் எனினும், சீர்மரபினருக்கும், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பத்தாருக்கும், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பத்தாருக்கும் அதில் இடமுண்டு. வயது முப்பத்தைந்துக்குள் இருத்தல், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்கு மேற்படாமை, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் முன்பே அனுமதி பெற்றிருத்தல் ஆகியவை அதன் நிபந்தனைகள். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. ஆதலின் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கைவினைஞர் குடும்பம் என்ற சொற்களை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் கடற்கரையில் தோணி கட்டும் தச்சரை ஓடாவி என்கிறோம். ஓடாவியின் மகன் என் பள்ளியிற் படித்தான். தந்தை ஏட்டுக் கணக்கு அறியாதவர். மரத்தை ஒரு கையால் தடவிப் பார்த்து, எங்கே வளைக்கலாம், எங்கே வளைத்தால் பிளக்கும் என்று சொல்லிவிடுவார். பையனிடம் அந்தக் கண்ணும் இருந்தது, கணிதமும் இருந்தது. எந்திரவியலில் முதற்பட்டம் பெற்றான். பிறகு ஒரு நிறுவனத்தில் கப்பற் கட்டுமான முதுநிலை வகுப்பில் இடமும், உதவித்தொகையும் கிடைத்தன. ஊரே மகிழ்ந்தது. ஆனால் தொகை முதல் மாதம் வரவில்லை. இரண்டாம் மாதமும் வரவில்லை. கேட்டால், காகிதம் மேலிடத்தில் இருக்கிறது என்றார்கள். விடுதிக் கட்டணத்துக்குக் கெடு வைத்தார்கள். நான்காம் மாதம் அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஐந்தாம் மாதம் பணம் முழுவதும் ஒருசேரக் கணக்கில் ஏறியது. அப்போது அவன் அங்கே இல்லை. பெயரை நீக்கி, பணத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவன் என்னிடம் முன்பே சொல்லியிருந்தால் நான்கு மாதக் கட்டணத்தை ஊரில் எப்படியேனும் திரட்டியிருக்கலாம். சொல்ல வெட்கப்பட்டான். உபகாரம் கேட்பதாக நினைத்துவிட்டான்.

அந்தச் சொல்லின் முற்பாதி செய்த கேடு அது. கொடுக்கும் அலுவலகமும் அதை உபகாரமாகவே நினைத்தது. இல்லாவிட்டால் ஐந்து மாதம் தாமதித்திருக்குமா? தன் அலுவலர்களின் சம்பளத்தை ஐந்து மாதம் நிறுத்திவைக்க எந்த அலுவலகமும் துணியாது. மோனார்க் நிமிர்ந்ததும் கேப்டன் கவிழ்ந்ததும் ஒரு கணக்கின் வேற்றுமை என்றால், அந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டிருப்பவன் அப்போதே வேலை செய்துகொண்டிருக்கிறான். அவனுக்குக் கொடுப்பது சம்பளம். மாதம் பிறந்தால் கொடுக்க வேண்டியது.

வேலையும் ஏராளமாகக் காத்திருக்கிறது. இன்று உலகிற் கட்டப்படும் கப்பல்களின் கொள்ளளவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சீனா, தென்கொரியா, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளிலேயே உருவாகின்றன. நம் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. 2022 செப்டம்பரில் கடற்படையிற் சேர்ந்த விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலை நம்மவரே வகுத்து, கொச்சியிற் கட்டினார்கள். ஆகவே ஆற்றல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை கப்பல் கட்டும் தொழிலுக்காக 69,725 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அனுமதி வழங்கியது. அதற்கு முன், 2023 ஜூலையில், சர்வதேசக் கடல்சார் அமைப்பு, 2050-ஆம் ஆண்டை ஒட்டிக் கப்பல்கள் வெளியிடும் வெப்பவாயுக்களை நிகரப் பூஜ்யமாக்க வேண்டும் என்று தீர்மானித்தது. எண்ணெய் எரிக்கும் எஞ்சினின் இடத்தில் மெத்தனாலும் அம்மோனியாவும் எரியும் எஞ்சின்கள் வரவேண்டும். அம்மோனியா நச்சு வாயு. அதைத் தாங்கும் தொட்டியைக் கப்பலில் எங்கே வைப்பது, கசிந்தால் என்ன செய்வது என்பவை இன்னும் முற்றும் தீராத கேள்விகள். தளமும் கிரேனும் பணத்தால் வாங்கலாம். இக்கேள்விகளுக்கு விடை காணும் மனிதரை வாங்க முடியாது. இரண்டு ஆண்டோ ஐந்து ஆண்டோ சோறிட்டு வளர்க்கத்தான் வேண்டும்.

இத்துறையில் மேற்படிப்பை எண்ணியிருக்கும் மாணாக்கர் வீட்டாருக்குச் சில வார்த்தைகள். தொகை அனுமதியானவுடன் மகிழ்ந்து சும்மா இருந்துவிட வேண்டாம். முதல் நான்கு மாதச் செலவுக்கு வழி செய்துகொண்டே அனுப்புங்கள். வருமானச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் விண்ணப்ப மாதத்துக்கு முன்பே வாங்கி வையுங்கள். தாலுகா அலுவலகத்தில் கடைசி வாரத்தில் நின்று நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஊரிலுள்ள சங்கங்களும் பழைய மாணவர் மன்றங்களும் முழுச் செலவையும் ஏற்கவேண்டும் என்பதில்லை. அரசாங்கப் பணம் வரும்வரை தாங்கும் ஒரு சிறு சுழல்நிதி போதும். வந்ததும் மாணாக்கர் திருப்பிவிடுவார், அடுத்தவருக்கு அது பயன்படும். சத்சுமா மாணாக்கர்கள் போட்டது தலைக்கு ஒரு பவுன்தான்.

கிளாஸ்கோவில் அன்றைய ஆண்டர்சன் கல்லூரி வளர்ந்து இன்று ஸ்டிராத்கிளைடு பல்கலைக்கழகமாகியிருக்கிறது. அதன் கப்பற் கட்டுமானத் துறை நடைபெறும் கட்டடத்துக்கு ஹென்றி டயர் பெயரை வைத்திருக்கிறார்கள். நான் சொன்ன ஓடாவி மகன் இப்போது ஒரு கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் மேற்பார்வையாளன். சென்ற ஆண்டு அவனுடைய அக்காள் மகள், கப்பற் கட்டுமானத் தாளை எழுதி முதுநிலை வகுப்பிற் சேர்ந்தாள். விடுதிக்கு முதல் நான்கு மாதப் பணத்தை அவன் முன்னதாகவே கட்டிவிட்டு, ரசீதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினான். அவளுக்குத் தொகை மூன்றாம் மாதம் வந்தது.